திணை தவறிய வண்டி

பழைய கார்களை விற்போரும் வாங்குவோரும் அவரை மதிப்பக்கா என்றே அழைத்தனர். பெற்றோர் இட்ட பெயர் அரசாங்கத் தாள்களில் மட்டும் உறங்கிக்கொண்டிருந்தது. ஐம்பதாண்டுப் பழமையுள்ள கார் ஒன்றின்மேல் எவருக்கேனும் ஆசை பிறந்தால், முதலில் அக்காவை அழைத்துச் சென்று காட்டுவார். அக்கா தம் கைப்பையிலிருந்து துணி சுற்றிய காந்தத்தை எடுத்துக் கதவின்மேல் வைப்பார். ஒட்டிக்கொண்டால் தகரம், வழுக்கி விழுந்தால் பெயிண்டுக்கு அடியில் ஓட்டையை அடைத்த வெறும் பட்டிப் பூச்சு.

ஆயினும் அவர் பெரிதும் நம்பிய கருவி தம் காதுதான். வாங்க வந்தவர், "அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கு?" என்று கேட்டால், அக்கா சந்தை விலையைச் சொல்லுவார். "இவ எவ்வளவு தூரம் ஓடியிருக்கா?" என்று கேட்டுவிட்டாலோ, அவருக்கு அந்த வண்டி ஒன்றரை மடங்கு பெறும் என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வார். அஃறிணை உயர்திணையாக மாறும் அந்த நொடியில் பேரம் பேசும் வலிமை காலி. விற்பவருக்கும் காது உண்டல்லவா? ஆகையால் வாசலிலேயே எச்சரிப்பார்: "சாவி கைக்கு வர்ற வரைக்கும் அதுன்னே சொல்லுங்க. அப்புறம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொஞ்சிக்கலாம்."

ஊரார் நாவை இப்படி அடக்கிவந்தவருக்கு வீட்டிலேயே சோதனை வந்தது. தையற்காரரான அவர் கணவர், ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவரின் கொட்டகையில் நின்ற பச்சை நிறக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கையிலிருந்த பணமோ பின்னறைக் கூரையை மாற்றுவதற்கென்று சேர்த்தது. மழை பெய்தால் அந்த அறையில் மூன்று வாளிகள் வரிசையாக நிற்கும்.

"சரி, வந்து பார்க்கிறேன். ஆனா, அந்தாளு முன்னாடி ஒரே ஒரு தடவை 'அவ'ன்னு உங்க வாயில வந்துச்சு, நேரா வீட்டுக்குத் திரும்பிக் கூரைக்காரரைக் கூப்பிடுறோம். சம்மதமா?"

"சம்மதம். அது, அது, அது" என்று தையற்காரர் வழி முழுதும் மனப்பாடம் செய்தார்.

பல் டாக்டர், வாயைத் திறங்க என்று சொல்லியே பழகியவர். இப்போது வாய் பேசாமல் மற்றவர் வாய் திறக்கக் காத்திருந்தார். தையற்காரர் இருக்கை உறையின் தையலை விரலால் வருடினார். "அது... அதோட தையல் பரவாயில்ல" என்று, உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியவரைப் போலச் சொன்னார்.

அக்கா சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தார். டார்ச் வெளிச்சத்தில் அடித்தகட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் துரு தெரிந்தது. தம்மை மறந்து, "அடப் பாவமே! எத்தனை வருஷமா இவ இப்படியே நிக்கிறா? இவளை யாருமே கவனிக்கலையா?" என்றார்.

தையற்காரரின் செருப்புகள் இரண்டும் ஒரு துள்ளுத் துள்ளியதை அக்கா அடியிலிருந்து பார்த்தார்.

"கவனிக்கலையா?" டாக்டரின் குரல் உடைந்தது. "வாராவாரம் அவளைத் துடைச்சிருக்கேன்மா! 'என்னைவிட அவதான் உங்களுக்கு ஒசத்தி'ன்னு என் பொண்ணே சண்டை போட்டிருக்கா. இப்ப முட்டி மடங்க மாட்டேங்குது. குனிஞ்சு அடியில பார்க்க முடியலை, அவ்வளவுதான்."

அக்கா முகத்தில் கரியோடு வெளியே வந்தார். "அப்போ உங்களுக்கும் அவதானா, டாக்டர்?"

"நேத்து ஒருத்தர் வந்தார். மூச்சுக்கு மூச்சு 'அது, அது'ன்னார். நான் கேட்டதுக்கு மேலேயே தர்றேன்னார். போயிட்டு வாங்கன்னுட்டேன். நீங்க சந்தை விலையைக் குடுங்க, போதும். அவளோட தார்ப்பாயையும் எடுத்துக்கோங்க."

இத்தனை ஆண்டுகளாக விற்பவரின் காது விலையை ஏற்றத்தான் கூர்ந்திருக்கிறது என்று எண்ணியிருந்த மதிப்பக்கா, துடைத்த கரியையே மீண்டும் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நிபந்தனை எனக்குத்தானே? சொன்னது நீ" என்று தையற்காரர் காதோரம் கிசுகிசுத்தார். "நான் உத்தமன்."

கூரைப் பணம் காராயிற்று. தார்ப்பாய் கூரையாயிற்று. வாளிகள் ஓய்வுபெற்றன, பச்சைக் கார் முற்றத்தில் வெயில் காய்ந்தது.

அடுத்த வாரம் பட்டப்பகலில் வானம் கறுத்தது. முதல் துளிகள் விழுந்தபோது, தையற்காரர் வாளிகளைத் தேடவேண்டியதில்லை என்ற நிம்மதியோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். மனைவி ஏணிமேல் நின்று, கூரையிலிருந்து தார்ப்பாயை உருவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க வேடிக்கை பார்க்கிறீங்க? அந்த முனையைப் பிடிங்க. அவ நனையிறா!"

"அப்போ கூரை?"

"அது நனைஞ்சா நனையட்டும்."