நிண்டிட்டுது

போன ஞாயிற்றுக்கிழமை பகல். சுவிஸில், ஓல்டன் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் அனுப்பியிருந்தார்.

'நிண்டிட்டுது.'

என்ன நின்றுவிட்டது?

அத்தானுக்கு நுரையீரல் பழுது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒக்சிஜன் மெஷின் — சுவரில் இருக்கும் பிளக்கில்தான் அவருடைய மூச்சு. நின்றது கரண்டாக இருக்கலாம். வேறாகவும்... அதை எழுத இப்போதும் விரல் வரவில்லை.

போன் எடுத்தேன். மணியே போகவில்லை. திரும்பவும் எடுத்தேன். என் ரயில் வந்தது, ஏறவில்லை. ஸ்டேஷனில் பட்டப்பகலில் அத்தனை விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. யாரைக் கோபிப்பது?

சோலார் பனல் இருக்கிறது, பயமில்லை என்று என்னை நானே தேற்றினேன். அக்கா வீட்டுக் கூரையில் அதைப் பூட்டியதே இதற்காகத்தானே? கரண்ட் போனாலும் வெயில் போகாது — அக்காவும் நானும் அப்படித்தான் நம்பியிருந்தோம். நீங்களும் அப்படித்தானே?

ஒருவழியாக அக்காவே அழைத்தார்.

"கரண்ட்தான் தம்பி. நாடு முழுக்க இல்லையாம்."

எனக்கு மூச்சு வந்தது. "பனல் வேலை செய்யுதெல்லோ?"

"அதுவும் நிண்டிட்டுது. லைனில கரண்ட் இல்லாட்டி அது தானா நிண்டிடுமாம். இல்லாட்டி பனலின்ர கரண்ட் லைனுக்குள்ள போய், கம்பத்தில ஏறி வேலை செய்யிற ஆக்களுக்கு அடிச்சுப்போடுமாம். பூட்டின ஆள் இப்பதான் சொல்லுறார்."

"அப்ப அத்தான்?"

"சிலிண்டரைத் திறந்து விட்டிருக்கிறன். மீட்டர் முள்ளு இறங்கிக்கொண்டு போகுது. வெளியில கண் கூசுற வெயில், தம்பி..."

லைன் அறுந்துவிட்டது.

அக்கா இருக்கும் அந்தத் தீவின் கதையும் இதுதானே? மழை பெய்தால் அணைக்கட்டிலிருந்து கரண்ட். பெய்யாவிட்டால் கப்பலில் வரும் எண்ணெயும் நிலக்கரியும். இனி வெயிலும் காற்றும்தான் என்கிறார்கள். எனக்கும் அதுதான் விருப்பம். இரண்டுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் பிடித்துவைக்க பாட்டரி இல்லாவிட்டால்? இங்கே சுவிஸில் கரண்ட் குறைந்தால் பக்கத்து நாட்டிலிருந்து கம்பி வழியே எடுக்கலாம். தீவுக்குப் பக்கத்தில் கடல்தான் இருக்கிறது. நினைக்கவே பயமாக இருக்கிறது.

அங்கே பொழுதுபடத்தான் கரண்ட் வந்தது. சிலிண்டர் மட்டுமட்டாகத் தாக்குப்பிடித்தது. வீட்டுக்கு ஒரு பாட்டரி சொல்லியிருக்கிறோம், இன்னும் வந்துசேரவில்லை. அதுவரை போன் சிணுங்கினாலே ஓடிப்போய் எடுக்கிறேன்.

எங்கள் பேச்சில் ஒரு வேடிக்கை உண்டு. கரண்ட் நின்றால், இல்லை என்று அர்த்தம். ஆள் நின்றால், இருக்கிறார் என்று அர்த்தம். இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் இப்போது தினமும் காலையில் அக்காவுடன் கதைக்கிறேன்.

"அத்தான் நிக்கிறாரோ?"

"ஓம், நிக்கிறார்."

"கரண்ட் நிண்டிட்டுதோ?"

"நிக்கேல்லை."

பதில்கள் இடம் மாறிவிடக் கூடாது... அவ்வளவுதான்.