டோக்கன் அக்காவின் அறுபத்து நாலு ஆரம்பங்கள்

"அறுபத்து நாலு படம் பார்த்திருக்கேன். ஒண்ணுக்காவது முடிவு என்னன்னு கேளுங்க, தெரியாது!"

டோக்கன் அக்கா வாயைத் திறந்தால் இந்தப் புலம்பல்தான். முழங்கால் எக்ஸ்ரேவுக்காகக் காத்திருந்தவரிடம் சொன்னாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னாள். புலம்பல் அதேதான், எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும். மாதத் தொடக்கத்தில் அது பன்னிரண்டாக இருந்தது.

காலையில் எக்ஸ்ரே நிலையத்தின் ஜன்னலுக்குப் பின்னால் டோக்கன் கூப்பிடுவது அவள் வேலை. மதியத்துக்கு மேல் திரைப்படக் கல்லூரியில் முதலாண்டு மாணவி. வயது முப்பத்திரண்டு, கூடப் படிப்பவர்களுக்குப் பத்தொன்பதைத் தாண்டாது. சேர்ந்த முதல் நாள், வருகைப் பதிவேட்டைப் பார்த்து ஆசிரியர் "நம்பர் பதினேழு" என்று கூப்பிட்டார். அது அவள் எண். "உள்ளேன் ஐயா" என்று சொல்லவேண்டிய வாய், பழக்கதோஷத்தில், "மோதிரம், செயின் எல்லாம் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றது. வகுப்பு அடங்கக் கால்மணி நேரமாயிற்று. 'டோக்கன் அக்கா' என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது.

வீட்டில் அண்ணனுக்கு வேறு நக்கல். "எட்டு வருஷமா பிலிம்லதானே இருக்கே, இதுல போய்ப் படிக்க என்ன இருக்கு?"

அவன் கிண்டலாகச் சொன்னதில் உண்மையும் இருந்தது. பழைய எக்ஸ்ரேவையும் புது எக்ஸ்ரேவையும் வெளிச்சப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டி டாக்டருக்குக் காட்டுவது அவள்தான். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் வெறும் எலும்பு. சேர்த்து மாட்டினால் நடுவில் ஒரு கதை வந்துவிடும்: விழுந்தது, உடைந்தது, கூடியது. அந்த ருசிதான் அவளைக் கல்லூரிவரை இழுத்து வந்தது. அவளுக்கு வேண்டியது எடிட்டிங். இரண்டாமாண்டில் எடிட்டிங்குக்கு ஆறே இடம். ஆண்டுக் கடைசியில் மாணவர் படங்களைத் திரையிடுவார்கள். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பார்த்து, டைட்டிலில் வரும் பெயர்களிலிருந்து ஆறு பேரைப் பொறுக்குவார். டைட்டிலில் பெயர் இல்லையென்றால் இடமும் இல்லை.

அந்தத் திரையிடலுக்காக ஒவ்வொரு குழுவும் ஒரு திகில் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால், திகில் படங்கள் எப்படித்தான் ஆரம்பிக்கின்றன என்று ஆராய்ச்சி செய்தாக வேண்டும். ஆசிரியர் மூக்கால் பேசுவார்: "இலக்கணம் தெரியாம மீறாதீங்கம்மா. தெரிஞ்சுக்கிட்டு மீறுங்க."

அவள் குழுவில் நாலு பேர். தொப்பி போட்ட பையன் ஒருவன் முதல் நிமிடத்திலேயே வேலையைப் பிரித்தான். "நான் டைரக்டர். நீ கேமரா. நீ சவுண்டு. அக்கா, நீங்க பெரியவங்க, பொறுப்பானவங்க. ஆராய்ச்சியை நீங்க பார்த்துக்கங்க." மரியாதையைத் தட்டில் வைத்து நீட்டி, அதற்கடியில் வேலையையும் தள்ளிவிட்டான்.

அவளும் பார்த்தாள். ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம், கையில் கைப்பேசிக் கடிகாரம். நூறாவது நொடியில் கட்டைவிரல் ரிமோட்டுக்குப் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணிக்குத்தான் தாங்கவில்லை.

"ஏம்மா, அந்தப் பொண்ணு கதவைத் திறந்தாளா இல்லையா?"

"தெரியாது அண்ணி. நேரம் முடிஞ்சுடுச்சு."

"அடிப் பாவி! கைப்பிடியில கையை வெச்சுட்டா! இன்னும் ஒரு நிமிஷம் விட்டா என்ன குறைஞ்சிடும்?"

"அறுபது செகண்டு."

மறுநாள் அவள் வேலைக்குப் போனதும் அண்ணி உட்கார்ந்து மீதியைப் பார்த்துவிடுவாள். பார்த்ததைச் சொல்ல வாய் துருதுருக்கும். இவள் காதைப் பொத்திக்கொள்வாள். "சொல்லாதீங்க அண்ணி! முடிவு தெரிஞ்சா ஆரம்பத்தை நேர்மையா பார்க்க முடியாது." அப்புறம் அதே வாயால் பஸ்ஸில் வருகிறவளிடம் முடிவு தெரியவில்லை என்று புலம்பல்.

எக்ஸ்ரே நிலையத்தின் பழைய டோக்கன் நோட்டு ஒன்று நிரம்பியது. அறுபத்து நாலில் ஐம்பத்தொன்றில் முகத்துக்கு முன்னால் செருப்போ ஷூவோதான் வருகிறது. தண்ணீர் சொட்டினால், முகம் தெரிவதற்குச் சற்று முன் அந்தச் சத்தம் நின்றுவிடுகிறது. டைட்டிலில் பெயர் போடும் கார்டு ஐந்துக்கு மேல் போனால் கண் எழுத்தைப் படிக்கப் போய்விடும், பயம் கலைந்துவிடும். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒன்று எழுதினாள்: குற்றவாளி யாரென்று முதல் இரண்டு நிமிடத்தில் காட்டவே கூடாது.

படப்பிடிப்பு கல்லூரி மாடிப்படியில் நடந்தது. டைரக்டர் கையில் அவள் நோட்டு.

"அக்கா, முப்பத்தொண்ணாம் நம்பர்ல ஷூ எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"இடது பக்கம் தம்பி."

"இடது பக்கம்!" என்று கேமராக்காரனைப் பார்த்துக் கத்துவான், அப்போதுதான் வானத்திலிருந்து அவனுக்கு இறங்கியது போல. ஷூ கல்லூரிக் காவலாளியுடையது. அவர் முழங்காலுக்கு மேல் படத்தில் வரவே இல்லை. அக்கா தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சொட்டுச் சத்தம் நிற்கிற அதே நொடியில் ஷூவும் நின்றுவிட்டால் நன்றாயிருக்கும் என்றாள். "அதைத்தான் நானும் நினைச்சிட்டிருந்தேன் அக்கா" என்றான். காட்சிகளை வெட்டி ஒட்டி எடிட் செய்ததும் அவன்தான். "உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்று அதற்கும் ஒரு மரியாதை.

திரையிடல் அன்று லீவு போட்டு, அண்ணியையும் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டாவது வரிசை. விளக்கு அணைந்தது. ஷூ வந்தது, இடது பக்கத்திலிருந்து. தண்ணீர் சொட்டியது, நின்றது. யாரோ மூச்சை இழுத்துப் பிடித்தார்கள். டைட்டில் ஓடியது. முதல் கார்டில் படத்தின் பெயர். இரண்டாவதில் 'ஆய்வு, கதை, எடிட்டிங், இயக்கம்' என்று நாலு வேலைக்கும் சேர்த்து ஒரே பெயர். மூன்றாவது கேமரா. நாலாவது சவுண்டு. ஐந்தாவது காவலாளி.

ஆறாவது கார்டு இல்லை. எட்டு வருடமாக டோக்கன் கூப்பிட்டவளை அன்று யாரும் கூப்பிடவில்லை.

"உன் பேரு எப்போ வரும்?" என்று அண்ணி குசுகுசுத்தாள்.

"முடிஞ்சுடுச்சு அண்ணி."

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "இதுல யாரோ மாங்கு மாங்குன்னு படம் பார்த்து உழைச்சிருக்காங்க. யாருப்பா அது?" தொப்பி எழுந்து நின்றது. கைதட்டல். அந்த ஆறு இடத்தில் ஒன்று அங்கேயே போயிற்று.

அக்கா நோட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் போனாள். அவர் நாலு பக்கம் புரட்டினார். மூக்கு சுருங்கியது. "எழுத்து உன்னுதுதாம்மா, இல்லேங்கல. ஆனா திரையில வந்ததுதான் எனக்கு ஆதாரம். குழுவுக்குள்ள பேசி முடிச்சிருக்கணும்." நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தார். அட்டையில் ஒட்டியிருந்த பழைய டோக்கன் சீட்டு இன்னும் அப்படியே இருந்தது.

வராந்தாவில் தொப்பிப் பையன் ஓடி வந்து வழிமறித்தான். அவன் முகத்தில் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அஞ்சுக்கு மேல போகக் கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க? உங்க ரூலைத்தான் ஃபாலோ பண்ணேன்."

"கார்டு அஞ்சுன்னு எழுதினேன். பேரு அஞ்சுன்னா எழுதினேன்? ஒரு கார்டுல நாலு வேலைக்கு இடம் இருந்துச்சு, ரெண்டு பேருக்கு இடம் இல்லையா?"

"விடுங்கக்கா. அடுத்த படத்துல உங்க பேருதான் முதல்ல."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். நோட்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். அந்தக் கல்லூரிப் படியை அவள் அப்புறம் மிதிக்கவில்லை. மறுநாள் காலை ஜன்னலுக்குப் பின்னால் வழக்கம்போல டோக்கன் கூப்பிட்டாள். முந்தின நாள் கல்லூரிப் படி இறங்குவதற்கு முன் தொப்பிப் பையனிடம் அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"என் ரூலை எல்லாம் ஃபாலோ பண்ணே தம்பி, ஒண்ணை மட்டும் மீறிட்டே. முதல் ரெண்டு நிமிஷத்துல குற்றவாளி யாருன்னு காட்டவே கூடாதுன்னு சிவப்பு மையில எழுதியிருந்தேனே, நீ ரெண்டாவது கார்டுலயே பேரோட காட்டிட்டியே!"