உள்ளங்கையில் ஊற்றிய சாராயம்

சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு நானும் என் கணவரும் காரில் பெங்களூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஊருக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது அவர் காரை ஒரு மண் சாலையில் திருப்பினார். விஸ்கி காய்ச்சும் ஆலை ஒன்றைச் சுற்றிப் பார்க்க எனக்குத் தெரியாமல் முன்பதிவு செய்திருந்தார்.

"குடிக்கவெல்லாம் வேண்டாம். எப்படிச் செய்றாங்கன்னு பாக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

அவர் திருப்பூர்க்காரர். வேலைக்காக இங்கே வந்தவர். எங்கள் கல்யாணத்துக்கு முன்பே என் அப்பா இறந்துவிட்டார். மாரடைப்பு என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அது பொய்யில்லை. பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில் நான் வளர்ந்த சந்தில் இருந்தவர்களுக்கு மீதிக் கதையெல்லாம் தெரியும், எங்கள் சுவர்கள் அவ்வளவு மெல்லியவை. தொம்மலூருக்குக் குடிவந்த பிறகு அதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை.

ஆலைக்குள் முதலில் வந்தது கஞ்சி வாசனைதான். முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்திருந்தார்கள். எனக்குப் பசிகூட எடுத்தது. அடுத்த கூடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே செம்புக் கொதிகலன்கள் நின்றன. சூடு முகத்தில் அடித்தது. எங்களைக் கூட்டிப்போன இளம்பெண் ஒரு ஜாடியில் தண்ணீர் மாதிரி தெளிவாக எதையோ கொண்டுவந்தாள்.

"இதை இன்னும் பீப்பாய்ல போடலை. கையில ஊத்தறேன், நல்லா தேய்ச்சு மோந்து பாருங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஜாடியைத் திறந்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அது பாக்கெட் சாராயத்தின் வாசனை. விலையும் பேரும் வேறு, அவ்வளவுதான்.

கணவர் இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்தார், மோந்தார், சிரித்தார். நான் கொதிகலனைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றேன். அவர் பின்னாலிருந்து வந்து, "ஒரு தடவை பாரேன்" என்று கையை என் மூக்கின்மேல் வைத்தார். விளையாட்டுக்குத்தான். அந்தக் கை என் வாயையும் சேர்த்து மூடியது.

அம்மாவை அடிக்கும்போது நான் கத்தினால், அக்கம்பக்கம் கேட்காமலிருக்க அப்பா என் வாயை அப்படித்தான் பொத்துவார். அதே வாசனை, அதே ஈரம். மறு கை அம்மாவின் தலைமுடியில் இருக்கும்.

என் கையில் ஸ்டீல் தண்ணீர் பாட்டில் இருந்தது. திரும்பி வீசினேன். அவருடைய தாடையில் பட்டது. இரண்டாவது அடி மூக்குக்கண்ணாடியை உடைத்துப் புருவத்தைக் கிழித்தது. மூன்றாவது அடி விழுந்தபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு.

"பிடி மேடம், பிடி" என்று கத்திக்கொண்டே அந்தப் பெண் என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கன்னடத்தில் அதற்கு விடுங்கள் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து பேசும் பாஷை. அந்த நிமிஷம் என் காதில் அது தமிழாகத்தான் விழுந்தது. பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்கு நான்தான் கார் ஓட்டினேன். அவர் துண்டால் கண்ணை அழுத்திக்கொண்டு வந்தார். தையல் போட வந்த டாக்டர் எப்படி ஆனது என்று கேட்டார்.

"டென்ட் கம்பி தெறிச்சு அடிச்சிடுச்சு" என்றார் கணவர்.

பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று என் அம்மா எத்தனை டாக்டர்களிடம் சொல்லியிருப்பாள்.

"இல்ல டாக்டர். நான்தான் அடிச்சேன்."

அவர் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார். "எதால?"

"ஸ்டீல் பாட்டில்."

"டெட்டனஸும் போட்டுடலாம்" என்று நர்சிடம் சொல்லிவிட்டுத் தையலைத் தொடர்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காருக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் பல் உடைந்த நாளைச் சொன்னேன். பதினைந்து வயதில் தோசைக்கரண்டியால் அப்பாவின் மண்டையில் அடித்ததைச் சொன்னேன். அவர் சுவரோரம் சரிந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொன்னேன். பிறகு, சொல்லாமல் விட்டிருக்கலாம்தான், ஆனாலும் சொன்னேன்: "இன்னிக்கும் ரெண்டாவது அடி விழுந்தப்போ அப்படித்தான் இருந்துச்சு."



"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் கைய வச்சது தப்புதான். ஆனா எனக்குப் பயமா இருந்துச்சு. இப்பவும் இருக்கு."

காரைக் கிளப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைக் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"கண்ணு தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

"உன்ன திருப்பி அடிச்சாரா?"

"இல்லம்மா."

அழுவாள் என்று நினைத்தேன். ஆனால் அம்மா வழக்கமான குரலில்தான் பேசினாள். "ரெண்டு நாளைக்கு மெல்றதுக்கு எதுவும் குடுக்காத. தாடை ரொம்ப வலிக்கும். காதுவரைக்கும் இழுக்கும். வெதுவெதுன்னு கஞ்சி குடு, ஓரமா முழுங்கச் சொல்லு."

ரவைக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அவர் வலது பக்கமாகச் சாய்ந்து, ஸ்பூன் ஸ்பூனாகக் குடித்தார். காலிக் கிண்ணத்தை எடுக்க நான் கையை நீட்டியபோது அவருடைய தோள் சட்டென்று பின்வாங்கியது. இருவரும் அதைக் கவனித்தோம். அவர் உடனே கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார்.

அந்தப் பின்வாங்கல் நிற்க நான்கு மாதம் ஆனது. அதுவரை எந்தப் பக்கத்திலிருந்து அவரருகே வந்தாலும், வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.