கயிற்றுப் பாலமும் என் பத்துவாவும்

சென்ற ஆண்டு மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, ஹால் நிறைய பெற்றோர் உட்கார்ந்திருக்க, செய்யாத குற்றத்துக்காக என்னைச் சுவரோரம் நிற்க வைத்தார்கள். சகோதரிகளே, இறைவனின் அமைதி உங்கள் மீது உண்டாகட்டும். எனக்கு நடந்ததை மறைக்காமல் சொல்லுகிறேன்.

ஆலங்காயம் பக்கம் மலையடிவாரத்தில், பெண் பிள்ளைகள் ஒரு மாதம் தங்கிப் படிக்கும் கோடைப் பள்ளி அது. காலையில் பாடம், மாலையில் விளையாட்டு. நான் அங்கே ஆக்டிவிட்டி லீடர். வாணியம்பாடியில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவரின் மகள். அதுதான் என் முதல் வேலை.

முந்தின நாள் மாலை, இரண்டு புளியமரங்களுக்கு நடுவே கட்டிய கயிற்றுப் பாலத்தில் பிள்ளைகளை நடக்கவிட வேண்டும். கயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். பிரி பிரியாக வந்தது. பொறுப்பாளர் ரெஹானா மேடம் போனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தார்.

"மேடம், கயிறு நைஞ்சி போயிருக்கு. இன்னைக்கு வேணாம்."

"நாளைக்கு பேரன்ட்ஸ் வர்றாங்க ஷமீமா. ஒவ்வொருத்தரா ஏத்து. எடுத்துட்டு நிறுத்திடலாம்."

ஏற்றினேன். ஆறாவதாக ஏறியவள் அஃப்ரீன். ஒன்பது வயது. கயிறு அறுந்தது. வலது கை உடைந்தது. நெற்றியெல்லாம் ரத்தம்.

மறுநாள் பெற்றோர் முன்னால் மேடம் சொன்னார்: "நான் என்ன பண்றது? ஷமீமா போனைப் பாத்துட்டு நின்னுட்டா." இல்லை என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. மதியத்துக்குள் பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தெருவில் பெண்கள் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். ஆம்பூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வரவிருந்தவர்கள் வரவேயில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு தொழுகை முடிந்ததும் ஒரே துஆதான் கேட்டேன். "யா அல்லாஹ், அவள் வாயாலேயே அவளைப் பிடி. நான் நின்ற அதே ஹாலில் அவளை நிறுத்து. அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்." சப்பாத்தி மாவு பிசையும்போதும் மேடம் தலைகுனிந்து நிற்பதையே நினைத்துக்கொண்டிருப்பேன். நினைக்க நினைக்கப் பசி எடுக்கும்.

என் தாய் அதைக் கேட்டுவிட்டார். "பத்துவா குடுக்காதடி. ஒருத்தர் கெட்டுப் போகணும்னு கையேந்தலாமா? சபர் பண்ணு, பொறுமையா இரு."

"பண்ணிட்டேன் அம்மி. இதுக்கு மேல முடியாது."

மூன்று வாரம் கழித்து, மாலை அஸர் தொழுகை முடிந்த நேரம், அஃப்ரீனின் தாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் போனை என் கையில் வைத்தார். பாலத்தில் முதல் பிள்ளை நடக்கும் வீடியோ. விபத்துக்குச் சில நிமிடம் முன்பு மேடமே பெற்றோர் குழுவுக்கு அனுப்பியது. எல்லோரும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்கள். கை கட்டோடு வீட்டிலிருந்த மகளோடு உட்கார்ந்து இவர்தான் சத்தம் வைத்துக் கேட்டிருக்கிறார். ஆரம்பத்திலேயே என் குரல். அடுத்து மேடத்தின் குரல். அவர் கையால் எடுத்து, அவர் கையால் அனுப்பியது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். கேட்டதை வார்த்தை மாறாமல் அல்லாஹ் கொடுத்திருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அதே ஹாலில், பெற்றோர் முன்னால், அஃப்ரீனின் தாய் கொடுத்த அந்த வீடியோவைப் பள்ளித் தாளாளர் ஓடவிட்டார். மேடம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த நிமிடம் எனக்கு இனித்தது. இல்லை என்று சொன்னால் பொய். அவர் என்னிடம் வந்து, "மாஃப் பண்ணிடு ஷமீமா" என்று மன்னிப்புக் கேட்டார்.

"இன்னைக்கு முடியாது மேடம்" என்றேன்.

வெளியே வந்தபோது அஃப்ரீன் என் கையைப் பிடித்தாள். கோபமில்லாமல், தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"மிஸ், வேணாம்னு நீங்களே சொன்னீங்களே. அப்புறம் ஏன் என்னைய ஏத்துனீங்க?"

வேலை போய்விடும் என்ற பயத்தில் ஏற்றினேன். மூன்று வாரம் மேடத்தையே சபித்துக்கொண்டிருந்ததில் இது எனக்கு நினைவிலேயே வரவில்லை. அன்று மஃரிப் தொழுகைக்குப் பிறகு, முதல் தடவையாக, என்னைப் பற்றி மட்டும் பேசி அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன்.

இந்தக் கோடையில் வேறொரு பள்ளியில் அதே வேலை கிடைத்தது. பிள்ளைகளை ஆழம் தெரியாத ஏரியில் இறக்கச் சொன்னார் மேலாளர். "மாட்டேன் சார். வேணும்னா வேற ஆள வச்சிக்குங்க" என்றேன். முணுமுணுத்தார், ஆனால் விட்டுவிட்டார். அந்தப் பிள்ளைகளில் அஃப்ரீனும் ஒருத்தி. அவள் தாயே கொண்டுவந்து என்னிடம் விட்டுப் போயிருந்தார். அல்ஹம்துலில்லாஹ்.

உங்களுக்கு யாராவது அநியாயம் செய்திருந்தால், கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காதீர்கள். கோபத்தோடேயே போய் இறைவனிடம் அழுங்கள். உண்மையைக் கொண்டுவருவான். உங்களுக்குச் சாதகமான பாதியை மட்டும் கொண்டுவர மாட்டான், அதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ரெஹானா மேடத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் பெயரைச் சொல்லிக் கையேந்தினால் இப்போது பத்துவா வருவதில்லை. நல்ல வார்த்தையும் வருவதில்லை. கொஞ்ச நேரம் கையை மட்டும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எனக்காக நீங்களும் துஆ செய்யுங்கள்.