அக்கரைக்குப் போன காணி

பெரியமடுப் பக்கத்துக் காடுகளைத் தாண்டிக் கடலுக்குப் போகும் பறங்கியாறு அப்படியொன்றும் நீளமான ஆறு அல்ல. மாரியில் சீறிப் பாயும். கோடையில் வெறும் மணல். அதன் ஒரு கரையில் சீவரத்தினம் நெல் விதைத்தார். எதிர்க்கரையில் கலியாணம் முடித்துப் போன தங்கை வசந்தமலரின் வயல்.

போரில் இடம்பெயர்ந்து ஊர் திரும்பிய மறுவருடம் பெருவெள்ளம் வந்தது. ஆறு சீவரத்தினத்தின் வயலில் ஒரு துண்டை அரித்தெடுத்து, தங்கையின் வரம்போரம் வண்டலாகக் குவித்துவிட்டு வடிந்தது.

ஆறு காய்ந்ததும் வசந்தமலர் மணலில் நடந்து வந்தாள்.

"அண்ணை, அது உங்கட மண். நீங்களே வந்து விதையுங்கோ."

"ஆறு உனக்குத் தந்ததை நான் வந்து பிச்சை எடுக்கோணுமே? நீயே வைச்சிரு."

சொன்னது கூடிப்போயிற்று என்று அவருக்கே பட்டது. ஆனாலும் அவள் எழுந்து போகும்போது மறிக்கவில்லை. அதன்பிறகு ஒவ்வொரு விதைப்புக்கும் முன்னர் அவள் ஆள் விட்டுக் கேட்டாள். "பாப்பம்" என்று அனுப்பிவிடுவார். சில வருடங்களில் அந்தக் கேள்வியும் நின்றது. தங்கைக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டார்.

போன மார்கழியில் அவளுடைய மகள் பிரேமினி தொலைபேசியில் அழுதாள். "மாமா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா."

ஆறு இரு கரையும் முட்டிப் பாய்ந்துகொண்டிருந்தது. பாலத்தால் சுற்றிப் போகலாம் என்றால் வழியெல்லாம் வெள்ளம். ஒரு உழவு இயந்திரத்தில் தொற்றிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அன்று வயலோரம் போனார். அந்தத் துண்டு மட்டும் புல் மண்டிக் கிடந்தது.

"அம்மா அதை ஒருத்தரையும் உழ விடேல்லை" என்றாள் பிரேமினி.

"பிறகேன் பிள்ளை கேக்கிறதை விட்டவ?"

"அவ விடேல்லை மாமா. நாங்கள்தான் போற ஆக்களை மறிச்சனாங்கள். நீங்கள் ஒவ்வொருக்காலும் 'பாப்பம்' எண்டு சொல்லி விடேக்கை அவ படுற பாட்டைப் பாக்கேலாமல்..."



அந்தக் கோடையில் அவர் புல்லை வெட்டிப் பயறு போட்டார். மத்தியானச் சாப்பாடு பிரேமினி வீட்டில். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்:

"ஒருக்காலாவது வந்திருக்கலாமே, மாமா?"

"கிட்டத்தானே இருக்கிறன், எப்பவும் வரலாம் எண்டு நினைச்சிட்டன், பிள்ளை" என்றார்.