இரண்டாவது விசில்

பஸ் டிப்போவில் டிரைவரான அவருக்கு ‘சடன் பிரேக்’ என்று பெயர். நாய் குறுக்கே வந்தாலும் சரி, வரும்போலத் தோன்றினாலும் சரி, அழுத்திவிடுவார். பின்னாலிருந்து கண்டக்டரம்மா வாங்கு வாங்கென்று வாங்குவாள். அவள் ஒரு விசில் கொடுத்தால் நிற்பார், இரண்டு கொடுத்தால் கிளம்புவார். சண்டை போட்டே இருவரும் கல்யாணமும் பண்ணிக்கொண்டார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பிரேக் அவர் காலுக்கே வந்து சேர்ந்தது, என்ன கொடுமை! பார்க்கின்சன் என்றார் டாக்டர். வெட்டவெளியில் ஒழுங்காக நடப்பவர், வாசற்படி வந்தால் போதும், பாதம் ஒட்டிக்கொள்ளும். இதையாவது டாக்டரிடம் சொல்லியாயிற்று. தூக்கத்தில் செய்வதை எந்த வாயால் சொல்வது? கனவில் படிக்கட்டில் தொங்கும் குடிகாரனை உள்ளே இழுப்பார். அவன் திமிறுவான், இவர் குத்துவார். விழித்துப் பார்த்தால் மனைவி முகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கையைத் துண்டால் கட்டிலோடு கட்டிப் பார்த்தார். முடிச்சு நிற்கவில்லை.

“விடுங்க, குடிகாரன் தப்பிச்சுட்டான், நான் மாட்டிக்கிட்டேன்” என்று அவள் சிரிப்பாள். அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருக்கும்.

அந்த நேரம் பார்த்தா மகள் வர வேண்டும்? அம்மாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

“கதவுல இடிச்சுக்கிட்டேன்டி.”

“போன தடவையும் கதவுதான். அப்பா, நீங்க அடிச்சீங்களா?”

இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் அதுவும் பொய். குனிந்த தலையோடு பின்கட்டுக்குப் போகலாமென்று திரும்பினார். வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டது. ஓடி ஒளியக்கூட வக்கில்லாத பிழைப்பு. மகளுக்கு முதுகைக் காட்டியபடி அங்கேயே நின்றார்.

“நாளைக்கு ஆஸ்பத்திரி முடிஞ்சதும் அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போறேன்” என்றாள் மகள், அந்த முதுகைப் பார்த்து.

போனால் தனிமை. போகாவிட்டால் இன்னொரு நாள் அவள் கண்ணே போய்விடும். அதனால்தான் மறுநாள் டாக்டர் மாத்திரை எழுதிக்கொண்டிருக்கும்போது அவரே வாயைத் திறந்தார். மகள் பக்கத்திலேயே இருந்தாள்.

“தூக்கத்துல நான் இவள அடிச்சிடறேன் டாக்டர். நோய் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. வெக்கத்துல சொல்லல.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “இதுவும் அந்த நோயோட சேர்ந்ததுதாங்க. மூளைக்கு அடியில மூளைத்தண்டுன்னு ஒண்ணு இருக்கு. கனவு வரும்போது கை காலை அசையாம கட்டிப்போடறது அதோட வேலை. நடக்கக் காலை எடுத்து வைக்கறதுக்கும் அதுக்குப் பங்கு இருக்கு. அங்க பழுதானா கனவுல கை ஓங்கும், முழிச்சிருக்கும்போது கால் நிக்கும். நீங்க வேணும்னு செய்யல. மாத்திரை தரேன், அதுவரைக்கும் தனித்தனியாப் படுங்க.”

மகள் நிமிரவே இல்லை. “என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேம்மா” என்று முனகினாள்.

“அப்பனப் பத்தி மகள்கிட்ட என்னன்னு சொல்றது? கட்டினவனக் காட்டிக் கொடுக்கச் சொல்றியா?”

வெளியேறும்போது அறை வாசலில் கால் நின்றுவிட்டது. எதிரே காத்திருந்த கூட்டம் முழுவதும் அவர் செருப்பையே பார்த்தது. மகள் கையைப் பிடித்து இழுத்தாள். தடுமாறினார்.

“இழுக்காதடி, விழுந்துடுவார்” என்ற கண்டக்டரம்மா, ஆஸ்பத்திரி என்றும் பாராமல், உதட்டைக் குவித்து இரண்டு விசில் அடித்தாள். கால் கிளம்பியது. யாரோ சிரித்தார்கள். காது மடல் வரை சிவந்துபோய் அவர் நடந்தார்.

அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். வெளிக்கதவில் மறுபடியும் பிரேக். பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். மகள் இழுக்கவில்லை. உதட்டைக் குவித்தாள். வெறும் காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் கோத்துக்கொள்ள, திரும்பவும் ஊதினாள். மெலிதாக ஒரு விசில் வந்தது. அதற்கு மேல் முடியாமல் உதடு கோணியது.

அவர் அசையாமல் நின்றார். நேற்றிலிருந்து முதல் முறையாக மகளை நிமிர்ந்து பார்த்தார்.

“ஒண்ணு நிக்கறதுக்கும்மா” என்றார். “இன்னொண்ணு குடு, போலாம்.”