விசாரணைக்கு வந்தவர்

என் மகன் ராணுவத்துக்குத் தேர்வானபோது, விசாரணைக்காக எங்கள் நாரணாபுரம் வீட்டுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். நரைத்த மீசை, தணிந்த குரல். பட்டாளத்தில் இருந்துவிட்டுக் காவல் பணிக்கு வந்தவர். அதே வழியில் போலீஸாகப் போவதாகத்தான் மகனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

மத்தியான வெயிலில் வீடே அரைத்தூக்கத்தில் இருந்தது. பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் சாம்பிள் வெடி போட்டார்கள். நாங்கள் யாரும் திரும்பவில்லை. அவர் பேனா மட்டும் நின்றது; உதடுகள் எதையோ மெல்ல எண்ணின. பிறகு, வெகுதூரம் போய் வந்தவர்போல எங்களைப் பார்த்தார்.

"சாம்பிள் வெடிதான் சார்," என்றேன்.

"தெரியும் டீச்சர். இங்கன வந்து ஆறு வருசமாச்சு. காதுக்குத்தான் இன்னும் டிரான்ஸ்பர் ஆர்டர் வரல."

மகன் சான்றிதழ் எடுக்க உள்ளே போனான். நான் குரலைத் தாழ்த்தினேன். "அவனைப் பத்தித் தப்பா ஒரு வரி எழுதிருங்க சார். போகாம இங்கனயே இருக்கட்டும்."

அவர் கோபப்படவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான் கேட்டுச்சு, அன்னைக்கு வந்த ஏட்டையாகிட்ட."

"அவுக எழுதலையா?"

"எழுதியிருந்தா நான் இங்கன உக்காந்திருப்பனா?"

"எழுதியிருந்தா நல்லா இருந்திருக்குமா சார்?"

அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் வந்துவிட்டான். 'நன்னடத்தை உள்ளவர்' என்று எழுதி முடித்து அவர் எழுந்துகொண்டார்.

மகன் போய் மூன்று மாதமாகிறது. அந்தப் பதிலைக் கேட்டுவிடலாமென்று ஸ்டேஷன் வாசல்வரை போகிறேன். அவர் தலை தெரிந்ததும் திரும்பிவிடுகிறேன்.